ஒன்பது வோல்ட்டா, பதினெட்டா?

ஓவர்டிரைவ் பெடல் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு கொஞ்ச நேரத்தில் வோல்டேஜில் வந்து நிற்கும். பதினெட்டு கொடுத்துப் பார், டோன் அப்படியே விரியும் என்பார் ஒருவர். கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஏனென்றால் இருவர் கையிலும் இருப்பது ஒரே மாதிரி பெடல் அல்ல. பெடலின் விலையையோ பெயரையோ வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஒலியலையின் தலை அந்தப் பெடலுக்குள் எந்த இடத்தில் வெட்டுப்படுகிறது என்று பார்த்தால் விடை தானாகக் கிடைத்துவிடும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

அலை ஆடும் இடம்

கிட்டாரிலிருந்து வரும் மின்னலை மிகச் சிறியது. சிங்கிள் காயில் பிக்கப்பில் சாதாரணமாக மீட்டினால் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ இருக்கும். ஹம்பக்கரில் ஆறு தந்தியையும் ஓங்கி அடித்தால் அந்தக் கணத்துக்கு ஒரு வோல்ட்டைத் தாண்டும். இதைப் பல மடங்கு பெருக்குவது ஆப்-ஆம்ப் என்ற ஐ.சி.யின் வேலை.

பெடலுக்குள் வருவது வெறும் 9 வோல்ட். அதை இரண்டு ரெசிஸ்டர்களால் பாதியாகப் பிரித்து, 4.5 வோல்ட்டை நடுக்கோடாக வைக்கிறார்கள். அலை அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் ஆடுகிறது. மேல் எல்லை 9, கீழ் எல்லை பூஜ்யம். ஆனால் 4558, டி.எல். 072 போன்ற ஐ.சி.க்கள் அந்த எல்லைகளைத் தொடுவதில்லை. இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் முன்னதாகவே நின்றுவிடும். ஆக, நடுக்கோட்டுக்கு மேலே 3 வோல்ட், கீழே 3 வோல்ட், அவ்வளவுதான் இடம். 18 வோல்ட் கொடுத்தால் நடுக்கோடு 9-க்கு ஏறும். இடம் மேலே ஏழரை, கீழே ஏழரை ஆகும். கொடுத்த வோல்டேஜ் இரண்டு மடங்கு. கிடைத்த இடம் இரண்டரை மடங்கு. இந்த இடத்துக்குத்தான் ஹெட்ரூம் என்று பெயர்.

இரண்டரை மடங்கு என்றதும் ஆசை வருவது இயல்பு. ஆனால் அலை அந்த எல்லை வரை போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஓவர்டிரைவ் பெடல்களில் அது போவதே இல்லை. நடுவிலேயே டயோடுகள் மறித்துவிடுகின்றன.

டயோடு வெட்டும் பெடல்கள்

ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமரை எடுத்துக்கொள்வோம். உலகத்தில் விற்கும் ஓவர்டிரைவ் பெடல்களில் பெரிய பங்கு இதன் வாரிசுகள்தான் என்பதால் இதைப் புரிந்துகொண்டால் பல பெடல்களைப் புரிந்துகொண்ட மாதிரி. உள்ளே ஜே.ஆர்.சி. 4558 ஐ.சி. இருக்கிறது. அதன் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் பாதையில் இரண்டு சிலிக்கான் டயோடுகள் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. டிரைவ் குமிழ் குறைவாக இருக்கும்போது இந்த ஐ.சி. அலையை 12 மடங்கு பெருக்குகிறது. முழுவதும் திருப்பினால் 118 மடங்கு. ஆனால் பெருகிய பகுதி 0.6 வோல்ட்டைத் தொட்டதும் டயோடு திறந்துகொள்கிறது. அதற்கு மேல் பெருக்கம் நின்று, உள்ளே வந்த அலை வந்தபடியே கடந்துபோகிறது. டியூப் ஸ்க்ரீமரில் டிஸ்டார்ஷனுக்கு அடியில் சுத்தமான கிட்டாரும் கொஞ்சம் கேட்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹம்பக்கரில் ஓங்கி அடித்து 1 வோல்ட் உள்ளே போகிறது. டயோடு சேர்ப்பது 0.6. மொத்தம் 1.6 வோல்ட். 9 வோல்ட்டிலேயே 3 வோல்ட் இடம் இருக்கிறது. அதில் பாதிதான் பயன்படுகிறது. 18 கொடுத்தால் காலியிடம் கூடும், வேறொன்றும் நடக்காது. டயோடு திறக்கும் 0.6 வோல்ட் என்பது சிலிக்கானின் இயல்பு. அடாப்டரை மாற்றுவதால் அது மாறாது. டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலில் பதினெட்டால் பெரிய வித்தியாசம் தெரிந்தது என்று யாராவது சொன்னால், அதற்கு முன் அவர் போட்டிருந்த பேட்டரி பழசா என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் காரணம் இருக்கும்.

பாஸ் நிறுவனம் 1978-இல் கொண்டுவந்த டி.எஸ்.-1, அதே காலத்தில் வந்த ப்ரோகோ ராட் ஆகியவற்றில் அமைப்பு வேறு. அங்கே டயோடுகள் ஐ.சி.க்குப் பின்னால், அலையை நேராக கிரவுண்டுக்கு இறக்கும்படி நிற்கின்றன. பெருக்கம் மிக அதிகம் என்பதால் ஐ.சி. முதலில் தன் எல்லையில் முட்டி அலையை ஒருமுறை வெட்டுகிறது. வெட்டிய அலையை டயோடுகள் 0.6 வோல்ட்டில் மறுபடி வெட்டுகின்றன. 18 வோல்ட் கொடுத்தால் முதல் வெட்டு தள்ளிப்போகும். இரண்டாவது வெட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். காதில் விழுவது இரண்டாவது வெட்டுக்குப் பிறகு வருவது. அதனால் வால்யூம் கூடாது. டிஸ்டார்ஷன் குமிழைக் குறைத்து வைத்திருக்கும்போது தந்தியைத் தொடும் முதல் கணத்தில் மட்டும் சிறு வேறுபாடு தெரியலாம். அதற்காக ஒரு பெடலைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

டயோடு எந்த ரகம் என்பதைப் பொறுத்து இந்தக் கதை படிப்படியாக மாறுகிறது. ஜெர்மானியம் டயோடு 0.3 வோல்ட் அளவிலேயே வெட்டும். சப்ளை வோல்டேஜைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. சிவப்பு எல்.இ.டி.யைக் கிளிப்பிங் டயோடாகப் போட்டால் வெட்டு 1.7 வோல்ட் அருகே விழும். மார்ஷல் 1988-இல் வெளியிட்ட கவ்னர் பெடலில் இப்படித்தான். 1.7 என்பது 3-க்கு அருகில் வந்துவிட்ட எண். பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கினால் ஐ.சி.யின் எல்லை 2 ஆகிவிடும், எல்.இ.டி.யும் ஐ.சி.யும் ஏறக்குறைய சேர்ந்தே வெட்டத் தொடங்கும். இங்கே வோல்டேஜைக் காது கண்டுபிடிக்கும். சில பெடல்களில் டயோடுகளையே சர்க்யூட்டிலிருந்து கழற்றிவிடும் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அந்த நிலையில் வெட்டுவதற்கு ஐ.சி.யின் எல்லையைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்போது வோல்டேஜ்தான் டோன்.

பதினெட்டு உண்மையாகவே வேலை செய்யும் இடம்

ஃபுல்டோன் ஓ.சி.டி. இதற்கு நல்ல உதாரணம். 9 முதல் 18 வோல்ட் வரை கொடுக்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கும் பெடல் இது. அலையை வெட்டுவதற்கு இதில் மாஸ்ஃபெட்டுகள் இருக்கின்றன. சிலிக்கான் டயோடைவிட மிக உயரத்தில்தான் அவை வெட்டும். அதனால் 9 வோல்ட்டில் இந்தப் பெடலின் ஐ.சி.யும் ஒலியை உருவாக்குவதில் பங்கெடுக்கிறது. 18-க்குப் போனதும் அந்தப் பங்கு குறைகிறது. கேட்கும்போது தெரிவது இதுதான்: கீழ்த் தந்திகளில் கார்டு அடித்தால் கொழகொழப்பு குறைந்து இறுக்கம் வரும், மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும் ஓங்கி மீட்டினால் கரகரப்பாகவும் கை அழுத்தத்துக்கு ஏற்ப மாறும் எல்லை விரியும், ஒரு நோட்டு அமுங்கி நீண்டு ஒலிக்கும் அந்தக் கம்ப்ரெஷன் கொஞ்சம் விட்டுப்போகும். பழைய அளவு டிஸ்டார்ஷன் வேண்டுமென்றால் டிரைவ் குமிழை இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கும்.

இதில் நல்லது கெட்டது என்று ஒன்றில்லை, யாருக்கு எது வேண்டும் என்பதுதான். இசைக்குழுவில் ரிதம் வாசிப்பவருக்கு, அதுவும் ஹம்பக்கர் கிட்டாரோடு, நான் 18-ஐச் சொல்வேன். லீட் வாசிப்பவர் 9-இலேயே இருக்கலாம். அவருக்கு அந்தக் கம்ப்ரெஷன் சொத்து. விரல் விட்ட பிறகும் நோட்டு நின்று பாடுவது அதனால்தான்.

பூஸ்டர் பெடல்களுக்கும் இதே நியாயம். சுத்தமாகப் பெருக்குவதுதான் பூஸ்டரின் வேலை. வெட்ட டயோடு கிடையாது. சப்ளை எவ்வளவோ அவ்வளவு இடம். ஆனால் கூடுதல் ஹெட்ரூமோடு வெளியே வரும் பெரிய அலை அடுத்து இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் முதல் வால்வைப் பலமாகத் தள்ளும் என்பதை மறந்துவிடக் கூடாது. பூஸ்டரைச் சுத்தமாக்கிவிட்டு ஆம்ப்பில் டிஸ்டார்ஷன் கூடிவிட்டது என்று பலர் குழம்புவது இதனால்தான்.

க்ளான் சென்டாரின் கதை தனி. பில் ஃபின்னிகன் 1994-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்தப் பெடலுக்குள், 9 வோல்ட்டிலிருந்து கூடுதல் வோல்டேஜைத் தயாரிக்கும் சார்ஜ் பம்ப் ஐ.சி. ஒன்று இருக்கிறது. அது ஒரு பக்கம் 18 வோல்ட்டையும் மறுபக்கம் எதிர்மறை 9 வோல்ட்டையும் தருகிறது. இறுதியாக ஒலிகளைக் கலக்கும் ஆப்-ஆம்ப்புக்கு இப்படி 27 வோல்ட் அகலம் கிடைக்கிறது. வெட்டும் பகுதி மட்டும் 9 வோல்ட்டிலேயே, ஜெர்மானியம் டயோடுகளோடு இருக்கிறது. எங்கே இடம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்துப் பார்த்துச் செய்த வடிவமைப்பு இது. வோல்டேஜைப் பற்றி யோசிக்கும் எவரும் இதன் சர்க்யூட்டை ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பேன்.

குறைத்துக் கொடுப்பதும் ஒரு கலை

ஃபஸ் பெடல்களில் கேள்வி தலைகீழாகிறது. 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸில் இரண்டே இரண்டு டிரான்சிஸ்டர்கள். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் 4.5 வோல்ட் அருகே நிற்க வேண்டும் என்பது இந்த சர்க்யூட்டைச் செய்பவர்கள் கைக்கொள்ளும் அளவு. அந்த நிலைப்பாட்டைத்தான் பயாஸ் என்கிறோம். சப்ளை இறங்கினால் பயாஸ் நகரும். ஒலி வழவழப்பு குறைந்து, நோட்டு அடங்கும்போது துண்டு துண்டாக விக்கும். சிலருக்கு அந்த விக்கல்தான் வேண்டும். தீரப்போகும் கார்பன் ஜிங்க் பேட்டரியைச் சிலர் தேடிப் போடுவதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. அந்தப் பேட்டரியின் உள்தடை அல்கலைனைவிட அதிகம். தீரத் தீர இன்னும் ஏறும். ஓங்கி அடிக்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் அமுங்கி எழும். வூடூ லேப் நிறுவனத்தின் பெடல் பவர் 2 ப்ளஸ் சப்ளையில், வோல்டேஜை 9-இலிருந்து 4 வரை இறக்கிக்கொள்ளும் குமிழ்கள் இதற்காகவே உண்டு.

நம் ஊரில் ஜெர்மானியம் ஃபஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் வெப்பம் ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் கூடும். அதனாலும் பயாஸ் நகரும். மே மாதத்தில் திறந்தவெளி மேடையில் வெயிலில் கிடந்த பெடல் மாலையில் வேறு மாதிரி ஒலித்தால், வோல்டேஜைச் சந்தேகிக்கும் முன் அதை நிழலில் சிறிது நேரம் வையுங்கள். இந்த வகைப் பெடலுக்கு 18 வோல்ட் வேண்டவே வேண்டாம். பயாஸ் சிதறுவதைத் தவிர அதில் பலன் இல்லை.

சி.டி. 4049 போன்ற சீமாஸ் ஐ.சி.யை வைத்துச் செய்த ஓவர்டிரைவ்கள் சில உண்டு. வே ஹ்யூஜ் ரெட் லாமா அவற்றில் பெயர்பெற்றது. அவற்றில் வோல்டேஜ் ஏறினால் அது இழுக்கும் மின்னோட்டமும் சூடும் கூடவே ஏறும். சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பதினெட்டைச் செருகும் முன்

பெடலின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளையும் கையேட்டையும் முதலில் படியுங்கள். 9 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் 9 வோல்ட்தான். 18 வரை தாங்கும் என்று எழுதியிருந்தால் கொடுங்கள். எழுதாத இடத்தில் திறந்து பார்க்கத் துணிபவர்களுக்குச் சில அடையாளங்கள் சொல்கிறேன்.

எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் உடம்பில் அதன் தாங்குதிறன் அச்சிட்டிருக்கும். 9 வோல்ட் பெடல்களில் 16 வோல்ட் கெபாசிட்டர் சர்வ சாதாரணம்; 10 வோல்ட்டும் உண்டு. 16 என்று எழுதியதற்கு 18 கொடுத்தால் அன்றே வெடித்துவிடும் என்றில்லை. உப்பி, கசிந்து, சில நாளில் இரைச்சலாகவோ மௌனமாகவோ முடியும். 25 என்றோ 35 என்றோ இருந்தால் அந்த ஒரு தடை நீங்கியது. அடுத்து ஐ.சி. எண். 4558, டி.எல். 072 இரண்டும் 36 வோல்ட் வரை தாங்கும், அவற்றால் பயமில்லை. எல்.எம். 386-இன் வழக்கமான ரகத்துக்கு 12 வோல்ட் எல்லை. மேக்ஸ் 1044 போன்ற சார்ஜ் பம்ப் ஐ.சி.க்கு 10 வோல்ட். க்ளான் வகைப் பெடலில் 18-ஐச் செருகினால் முதலில் போவது இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் இப்படி ஒரு ஐ.சி. உள்ளே இருப்பதே தெரியாது என்பதால், க்ளானைப் பார்த்துச் செய்த எந்தப் பெடலுக்கும் 9-ஐத் தாண்டாதீர்கள்.

பெடல்போர்டில் 18 வோல்ட் கேபிள் ஒன்று இருந்தால் அதன் முனையில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். இருட்டு மேடையில் அவசரத்தில் அது பக்கத்து கோரஸ் பெடலுக்குப் போய்விட்டால், உள்ளே இருக்கும் எம்.என். 3207 போன்ற ஐ.சி. 10 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

அடாப்டர் என்ற பாதிப் பிரச்சினை

சென்னை ரிச்சி தெருவிலும் எல்லா ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் ‘பேட்டரி எலிமினேட்டர்’ என்று ஒன்று விற்கும். 3, 4.5, 6, 9, 12 என்று நகர்த்தும் ஸ்விட்ச் வைத்திருக்கும். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 9-இல் வைத்தாலும் பெடலை இணைக்காதபோது 12, 13 வோல்ட் காட்டும். காரணம், அதில் ரெகுலேட்டர் இல்லை. ஓவர்டிரைவ் பெடல் இழுப்பது பெரும்பாலும் 5 முதல் 20 மில்லி ஆம்பியர். அந்தச் சிறு சுமையில் வோல்டேஜ் இறங்கவும் இறங்காது. போதாததற்கு நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ரெக்டிஃபயரைத் தாண்டி 100 ஹெர்ட்ஸ் அலையாக சப்ளையில் தங்கிவிடும். டிஸ்டார்ஷன் பெடலின் உயர்ந்த பெருக்கத்தில் அது ‘ம்ம்ம்’ என்ற ஹம்மாகக் கேட்கும். முனையின் போலாரிட்டியும் கவனிக்க வேண்டியது. பெடல் உலகின் வழக்கம் நடுமுனை எதிர்மறை; இந்தக் கடை அடாப்டர்களில் பல நேர்மாறாக இருக்கும்.

பழைய பாஸ் பெடல் வாங்குபவர்கள் அடாப்டர் துளையருகே ஏ.சி.ஏ. என்று போட்டிருக்கிறதா, பி.எஸ்.ஏ. என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏ.சி.ஏ. பெடல்கள் ரெகுலேட்டர் இல்லாத, 12 வோல்ட் அளவில் நிற்கும் பழைய அடாப்டருக்காகச் செய்யப்பட்டவை. அதை 9-க்கு இறக்க உள்ளேயே ஒரு ரெசிஸ்டரும் டயோடும் இருக்கும். இன்றைய சுத்தமான 9 வோல்ட்டைக் கொடுத்தால் அதிலிருந்தும் கழித்துக்கொள்ளும், எல்.இ.டி. மங்கும், ஒலி சோனியாகும். ஆனால் அதே அடாப்டரிலிருந்து பக்கத்தில் ஒரு பி.எஸ்.ஏ. பெடலையும் இணைத்தால் சரியாகிவிடும். பேட்ச் கேபிளின் கிரவுண்டு வழியே மின்னோட்டம் அந்த ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடுவதுதான் காரணம். பெடல் பழுது என்று நினைத்து விற்றுவிடாதீர்கள்.

வாயில்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாக இருக்கும் ஐசோலேட்டட் சப்ளையில் இரண்டு 9 வோல்ட் வாயில்களைத் தொடராக இணைக்கும் கேபிள் கிடைக்கிறது. 18-ஐ அப்படிப் பெறலாம். ஒரே அடாப்டரிலிருந்து பிரியும் டெய்சி செயினில் இதைச் செய்தால் ஷார்ட் ஆகிவிடும். பி.என்.பி. டிரான்சிஸ்டர் போட்ட, பாஸிட்டிவ் கிரவுண்டு ஃபஸ்ஸையும் டெய்சி செயினில் மற்ற பெடல்களோடு சேர்க்கக் கூடாது. பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது தனி வாயில் கொடுங்கள். பேட்டரியில் ஓட்டுபவர்கள் வாசித்து முடித்ததும் இன்புட் ஜாக்கைக் கழற்றிவிட வேண்டும். பிளக் உள்ளே இருக்கும்வரை பெடல் அணைந்திருந்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

மில்லி ஆம்பியரைப் பற்றி ஒரு வரி. சப்ளையில் 500 என்று எழுதியிருந்தால் அது பெடலுக்குள் 500-ஐத் திணிக்காது. பெடல் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்டேஜ் சரியாக இருக்க வேண்டும். மில்லி ஆம்பியர் போதுமானதாக இருந்தால் சரி.

காதை ஏமாற்றாமல் கேட்பது

9-ஐயும் 18-ஐயும் ஒப்பிடும்போது நடக்கும் தவறு ஒன்றுதான். 18-இல் வால்யூம் சற்றுக் கூடினால், சத்தம் கூடியதைக் காது ‘நன்றாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும். லூப்பர் பெடலில் சுத்தமான ஒரு வரியைப் பதிந்து, அதை டிரைவ் பெடலுக்கு முன்னால் ஓடவிடுங்கள். வாசிக்கும் கை மாறாது. 18-க்கு மாற்றியதும் லெவல் குமிழைக் குறைத்து, இரண்டின் சத்தத்தையும் சமமாக்குங்கள். ஃபோனில் உள்ள டெசிபல் மீட்டர் இதற்குப் போதும். பிறகு நண்பர் ஒருவரை மாற்றி மாற்றிச் செருகச் சொல்லிவிட்டு, பார்க்காமல் கேளுங்கள். கேபிளை மாற்றும்போதெல்லாம் ஆம்ப்பின் வால்யூமை இறக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

கையில் இருக்கும் பணத்தை முதலில் ஒழுங்கான, ஐசோலேட்டட், ரெகுலேட்டட் 9 வோல்ட் சப்ளைக்குச் செலவிடுங்கள். எல்லாப் பெடலுக்கும் அது பயன்படும். 18 வோல்ட் கேபிளை, அதைத் தாங்கும் என்று தயாரிப்பாளரே எழுதிக்கொடுத்த பெடல் உங்களிடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.